தவிட்டுச் சரிவு

நவம்பர் 14
மழை: இரண்டு மி.மீ. இலை நனையக்கூடக் காணாது.

முப்பத்து நான்கு வருஷம் தேயிலைத் தோட்டத்தில் ஃபீல்டு ஆபீசராக இருந்தவனுக்கு மழையை எழுதாமல் டைரி எழுத வராது. ரிடையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, மேட்டுப்பாளையத்தில் இந்த வாடகை வீட்டுக்கு இறங்கி வந்து ஐந்து மாதம் ஆகிறது. பழைய மழைமானியைத் தூக்கி வந்து மொட்டை மாடியில் வைத்திருக்கிறேன். இங்கே அதற்கு வேலையே இல்லை.

இறங்கி வந்த காரணம் தெய்வானையின் சிறுநீரகம். இரண்டும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். எங்கள் தோட்டம் கோத்தகிரிக்கும் மேலே. வாரம் இரண்டு தடவை அவளை அந்த வளைவுகளில் இறக்கி ஏற்றினால் வியாதி கொல்வதற்கு முன்னால் ரோடு கொன்றுவிடும்.

நேற்று மிஷினிலிருந்து வந்து படுத்தவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "போதுங்க. என்னை மேல கொண்டுபோய் விட்ருங்க. தம்பி வீட்ல கெடந்துக்கறேன்."

மிஷினை விட்டால் இரண்டு வாரம் தாங்காது. அவளுக்கும் அது தெரியும். நான் சத்தம் போட்டேன். பார்க்கிற விதத்தில் பார்த்தால் எதுவும் எங்கேயும் பிழைக்கும், பாறையில் தேயிலை எடுத்தவன் நான் என்று என் பெருமையை எல்லாம் பேசினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப ஒரு தவிட்டுச் செடியக் கொண்டாந்து இங்க வையுங்க, சார்" என்றாள். "அது பொழச்சு நின்னா நானும் மிஷினுக்கு வர்றேன். பட்டுப்போச்சுன்னா நீங்க வாயத் தொறக்காம என்னை மேல கூட்டிட்டுப் போவணும்."

கோபம் வந்தால் என்னை 'சார்' என்பாள். கல்யாணத்துக்கு முன்னால் என் டிவிஷனில் கொழுந்து பறித்தவள்.

சரி என்று கையில் அடித்துக் கொடுத்தேன். ஆஃப்டர் ஆல் ஒரு காட்டுப் புதர். அதை வளர்க்கத் தெரியாதா எனக்கு?

நவம்பர் 18
மழை: இல்லை.

காலை பஸ்ஸில் மேலே போய் மாலை பஸ்ஸில் செடியோடு இறங்கினேன். கண்டக்டர் சாக்கைப் பார்த்துவிட்டு, "என்ன சார், காட்டையே கொண்டுபோறீங்களா?" என்றார்.

தவிட்டுப்பழம் தெரியாதவர்கள் யாராவது பிற்காலத்தில் இதைப் படித்தால் என்று எழுதி வைக்கிறேன். இடுப்பளவு, மிஞ்சினால் ஆளுயரம் வளரும் புதர். இலை தடிப்பு. மேலே பச்சை, திருப்பினால் வெள்ளை ரோமம், தவிடு தூவினது போல. சித்திரை, வைகாசியில் ரோஸ் நிறப் பூ. அப்புறம் கறுநீலப் பழம், தின்றால் நாக்கு ஊதாவாகி இரண்டு நாளைக்குப் போகாது. பறிக்கிற பெண்கள் வேலை நேரத்தில் காட்டுக்குள் நுழைந்தார்களா என்று தெரிந்துகொள்ள நான் நாக்கை நீட்டச் சொல்வேன். அப்படி ஒரு ஆபீசர்.

ஒரு காலத்தில் மலை முழுக்க இருந்தது. புது நடவுக்காக நான்தான் ஆள் விட்டுப் பிடுங்கினேன். அன்றைக்கு மண்வெட்டியோடு நின்ற தெய்வானை, "சார், இந்தப் பாறை ஓரத்த மட்டும் விட்ருங்களேன்" என்றாள். அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான். பாறைச் சரிவில் தேயிலை வராது என்று மேனேஜர் துரையிடம் ஒரு பொய் சொல்லி அந்த ஓரத்தை விட்டேன். அங்கே ஏழு புதர் தப்பியது. கல்யாணம் ஆன பிறகு பறிக்கிற பெண்கள் அந்தச் சரிவுக்கு 'ஆபீசர் போட்ட சீர்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள்.

அந்த ஏழில் சின்னதாக ஒன்றைத்தான் வேரோடு மண் உதிராமல் எடுத்தேன். தர்மன், தெய்வானையின் தம்பி, கடப்பாரை பிடித்தான். ஒரே தண்டு அடியில் மூன்றாகப் பிரிகிற செடி. கவாத்துக் கத்தியால் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, பெரிய சிமெண்டுத் தொட்டியில் வைத்தேன். பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், காலை வெயில் படும் இடம்.

தெய்வானை வந்து குனிந்து பார்த்தாள். தண்டின் அடியை விரலால் தடவினாள். "இதுவா" என்றாள், வழியில் தெரிந்த ஆளைப் பார்த்ததுபோல.

டிசம்பர் 6
மழை: நாலு மி.மீ. எடை: 45.6.

எடை என்னுடையது அல்ல, அவளுடையது. இரண்டு மிஷினுக்கு நடுவில் எடை ஏறினால் தண்ணீர் கூடுதலாகக் குடித்திருக்கிறாள் என்று அர்த்தம். ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி. எவர்சில்வர் செம்பில் ஆணியால் கோடு கீறி வைத்திருக்கிறேன். மோர், குழம்பு, மாத்திரைத் தண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். கீரையை இரண்டு கொதி விட்டு வடித்துத்தான் கொடுக்கிறேன். பழம் கூடவே கூடாது.

செடிக்கும் கணக்கு ஆரம்பித்துவிட்டேன். மண்ணைச் சோதித்தேன். பி.எச். நாலு. புளிப்பு ரொம்ப அதிகம். தேயிலைக்கு இவ்வளவு இருந்தால் கவாத்து வருஷத்தில் டோலமைட் போட்டுப் புளிப்பைக் குறைப்போம். சுண்ணாம்புக் கல் பொடிதான். நூறு கிராம் போட்டுக் கிளறிவிட்டேன்.

ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "அதுக்கு ஒண்ணும் போடாதீங்க. காட்டுல யாரு போட்டு வளந்துச்சு?" என்றாள்.

"மண்ணப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?" என்றேன்.

"நான் எங்க சொன்னேன்" என்று ஜன்னலைச் சாத்தினாள்.

டிசம்பர் 19
மழை: இல்லை. எடை: 45.1.

இலை மஞ்சளாகிறது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுவெல்லாம் வெளுக்கிறது. போர் தண்ணீரில் உப்பு. வாளியை ஒரு நாள் வெயிலில் வைத்தால் ஓரத்தில் வெள்ளைக் கோடு நிற்கிறது. கோளாறு தண்ணீரில்தான்.

டிசம்பர் 29
மழை: இல்லை. எடை: மிஷினுக்கு முன் 46.0, பின் 44.2.

டயாலிசிஸ் பிரிவில் ஷகிலா என்று ஒரு டெக்னீஷியன். முப்பது வயது இருக்கும், கை அவ்வளவு பதம். தெய்வானையின் இடது கையில் சிரையையும் தமனியையும் இணைத்துத் தைத்த இடத்தில் காது வைத்தால் ரீங்காரம் கேட்கும். ஷகிலா ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டுவிட்டு, "ஓடுதும்மா வண்டி" என்பாள். வீட்டிலும் காலையில் நான் கேட்கிறேன். தோட்டத்து ஃபேக்டரியில் ரோலர் ஓடுகிற சத்தம் தூரத்திலிருந்து வருவது போல இருக்கும்.

இன்று அவளிடம் செடி விஷயத்தைச் சொன்னேன். "மிஷினுக்குப் போற ஆர்.ஓ. தண்ணியில உப்பே இருக்காதுப்பா. கேன் கொண்டு வாங்க, புடிச்சுத் தர்றேன்" என்றாள். ஐந்து லிட்டர் கேனில் வாங்கி வந்தேன். மனைவியின் ரத்தத்தைக் கழுவுகிற தண்ணீர் செடிக்கும். தெய்வானை கேனைப் பார்த்து, "அதுக்கும் செவ்வா வெள்ளியா?" என்று சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாள் ஆகிறது.

ஜனவரி 9
மழை: இல்லை. எடை: 45.8.

காலையில் எண்ணினேன். பதினொரு இலை. நேற்று இருபத்து மூன்று. யூரியாவைக் கரைத்து இலையில் தெளித்தது தப்போ என்னவோ, ஓரம் கருகிவிட்டது. வேரைக் கிளறிப் பார்த்தேன். கறுத்திருக்கிறது.

உட்கார்ந்து யோசித்து எழுதுகிறேன். தவிட்டுக்கு என்ன வேண்டும்? ஒன்று, புளித்த மண். நான் அந்தப் புளிப்பைத்தான் கெடுத்தேன். சத்தில்லாத மண்ணில்தான் அது சந்தோஷமாக இருக்கும், நான் விருந்து வைத்தேன். தண்ணீர் நிற்காத சரிவு வேண்டும், தொட்டியில் ஏது சரிவு. காலையில் மூடுபனி வேண்டும். காட்டு மண்ணில் வேரோடு ஒட்டி வாழும் வெள்ளை நூல் போன்ற பூஞ்சை வேண்டும், உரம் பட்டால் அது செத்துவிடும். வெயில் வேண்டும். இதில் என்னால் கொடுக்க முடிவது வெயில் ஒன்றுதான். அதையும் மேட்டுப்பாளையம் அளவுக்கு மீறிக் கொடுக்கிறது.

தெய்வானை இரண்டு நாளாகப் பின்பக்கம் வரவில்லை. முழங்கால் வலி என்கிறாள். வந்து பார்த்தால் ஒப்பந்தம் முடிந்தது.

ஜனவரி 12
மழை: இல்லை.

செவ்வாய். மிஷின் நடக்கும்போது நடுவில் வீட்டுக்கு வந்துபோனேன். ஒரு சின்ன வேலை.

ஜனவரி 13
மழை: இல்லை. எடை: 44.3.

செடி தேறிவிட்டது! இரண்டு இடத்தில் துளிர். தெய்வானையைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து காட்டினேன். "பாத்தியா? ஆபீசர் கை!" என்றேன்.

அவள் குனிந்து துளிரைப் பார்த்தாள். தண்டின் அடியை விரலால் தடவினாள். நிமிர்ந்து என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பொழச்சிருச்சு" என்றாள். "நீங்க சாப்டீங்களா?"

ஜனவரி 24
மழை: இல்லை.

பதின்மூன்றாம் தேதி வரை இந்த டைரியில் நான் பொய் எழுதியதில்லை. மழை பெய்யாத நாளில் பெய்ததாக ஒரு மில்லி கூட்டியதில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

பிழைத்தது அந்தச் செடி இல்லை. தர்மனிடம் போனில் கெஞ்சினேன். சரிவிலிருந்து இன்னொன்றைத் தோண்டி, சாக்கில் கட்டி, முதல் பஸ்ஸில் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலில் கொடுத்தான். மிஷின் நாலு மணி நேரம். அதற்குள் வீட்டுக்கு வந்து, பழையதைப் பிடுங்கி, புதியதை வைத்து, அதே மூன்று கிளை, அதே முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து, கை கழுவித் திரும்பிவிட்டேன். இரண்டு தேயிலைச் செடியை ஒரே மாதிரி வெட்ட எனக்குக் கண்ணைக் கட்டினாலும் வரும்.

ஏமாற்றுதான். ஆனால் அவள் வெள்ளிக்கிழமை தானாகவே செருப்பைப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். எனக்கு அது போதும்.

இந்தத் தடவை ஒன்றும் போட மாட்டேன்.

பிப்ரவரி 3
மழை: இல்லை. எடை: 45.9.

ஒரே ஒரு பிடி மண்புழு உரம் போட்டேன். சும்மா எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

பிப்ரவரி 16
மழை: இல்லை.

மறுபடியும். தர்மன் சாக்கை இறக்கி வைத்துவிட்டு டீ கூடக் குடிக்காமல் நின்றான். "மாமா, இது ஞாயமா? அக்காவுக்குத் தெரிஞ்சா என் மொகத்துல முழிக்காது."

"தெரியாதுடா."

"அதுக்கா? பதினாலு வயசுல கூடைய முதுகுல போட்டது. எந்தச் செடியில எந்தக் கொப்புன்னு கண்ண மூடிட்டுச் சொல்லும்."

"உங்கக்கா இப்ப செடியையா பாக்குறா? படுக்கதான் நேரம் இருக்கு" என்று அனுப்பினேன்.

மார்ச் 9
மழை: இல்லை. வெயில்: 37 டிகிரி.

நாலாவது.

மார்ச் 21
மழை: இல்லை. எடை: 45.9.

உடம்பு இளைத்துக்கொண்டே வருகிறது. எடை குறையாதது தண்ணீரால்தான் என்கிறாள் ஷகிலா. கால் வீக்கம். நேற்று செம்பைத் திறந்து பார்த்தேன், இருநூறு மில்லி மிச்சம். "ஏன் குடிக்கல?" என்றேன். "செடிக்கு ஊத்தலாம்னு வெச்சேன். வெயில்ல அது நாக்கத் தொங்கப் போட்டுட்டு நிக்குது" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உனக்கு அளந்தது உனக்கு" என்று கத்தினேன். அப்புறம் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். டைரியில்தானே எழுதுகிறேன், எழுதினால் என்ன. அழுதேன்.

சாயங்காலம் மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்து மலை தெரியும். சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்ம சரிவு எந்தப் பக்கம்?" என்றாள். கை காட்டினேன். உண்மையில் அது அந்த மடிப்புக்குப் பின்னால், இங்கிருந்து தெரியாது. "இன்னேரம் மொட்டுக் கட்டியிருக்கும்ல?" என்றாள். ஆமாம் என்றேன்.

மார்ச் 30
மழை: இல்லை.

ஐந்து. தர்மன் சாக்கைக் கொடுத்துவிட்டு அதே பஸ்ஸில் ஏறிவிட்டான்.

ஏப்ரல் 13
மழை: இல்லை. வெயில்: 39.

ஆறாவது. வருஷப் பிறப்புக்கு முந்தின நாள். இந்தச் செடியில் நாலு மொட்டு இருந்தது. பஸ் ஆட்டத்தில் மூன்று உதிர்ந்துவிட்டது. மிஞ்சின ஒன்றைக் கிள்ளி எறிய வேண்டியதாயிற்று. தொட்டியில் நேற்று இல்லாத மொட்டு இன்றைக்கு எப்படி வரும்?

ஒரே கிள்ளில் வரவில்லை. வயசாகிறது.

ஏப்ரல் 26
மழை: இல்லை.

போனில் தர்மன்: "மாமா, இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் நிக்குது. பெரிய பொதரு. அக்கா பாறையில சாஞ்சு ஒக்காருமே, அந்தப் பக்கம் உள்ளது. அத நான் வெட்ட மாட்டேன். வேணும்னா நீங்களே வாங்க."

ஏப்ரல் 27
மழை: இல்லை.

செவ்வாய். அவளை மிஷினில் படுக்க வைத்துவிட்டு, ஷகிலாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, டாக்சி பிடித்து மேலே போனேன். ஏழாவது. வேர் பாறைக்கு அடியில் ஓடியிருந்தது. பாதிக்கு மேல் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. புதர் முழுக்கப் பூ. எல்லாவற்றையும் கவாத்துக் கத்தியால் தட்டினேன். தர்மன் தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

வீட்டில் அதைத் தொட்டியில் வைத்துவிட்டு, மிஷின் முடிந்து அரை மணி நேரம் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். வராந்தா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த ஒரு ரோஸ் இதழை எடுத்து, முந்தானை முனையில் முடிந்துகொண்டாள்.

நான் அதைப் பார்க்காதது போல ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

மே 14
மழை: இல்லை.

காலையில் அவள் கையில் காது வைத்தேன். சத்தம் இல்லை. இன்னும் அழுத்தி வைத்தேன். இல்லை.

வெள்ளிக்கிழமையாகவும் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஷகிலா இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். ரத்தம் உறைந்துவிட்டதாம். இனி கழுத்தில் குழாய் போட்டுத்தான் மிஷின், இந்த உடம்புக்கு அதுவும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்றார்.

"வேணாங்க" என்றாள் தெய்வானை, டாக்டரைப் பார்த்து. அப்புறம் என்னைப் பார்த்து, "மேல போலாம். பூ பூத்திருக்கும்" என்றாள்.

"செடி பிழைச்சு நிக்குது. நீதான் வாக்குக் குடுத்த" என்றேன். இவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது. ஷகிலா என்னைப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது.

"ஆமா. குடுத்தேன்" என்றாள் தெய்வானை. "இப்ப வாக்கெல்லாம் வேணாம். கேக்குறேன். கூட்டிட்டுப் போங்க."

மே 16
மழை: இல்லை.

இரண்டு நாளாகச் சாக்குச் சொல்கிறேன். சீசன் கூட்டம், ரோடு ஒருவழி, டாக்சி கிடைக்கவில்லை. மூச்சு வாங்குகிறது அவளுக்கு. என் பயம் ரோடு இல்லை. அங்கே போய் அவள் என்னத்தைப் பார்ப்பாள்?

மே 18
மழை: இல்லை. மேலே மூடுபனி.

செவ்வாய்க்கிழமை. முதல் தடவையாக ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. காரின் பின்சீட்டில் அவளைச் சாய்த்து, தொட்டிச் செடியையும் பெயர்த்துச் சாக்கில் கட்டிக் காலடியில் வைத்து, மேலே வந்தோம். செடியைக் கொண்டுவரச் சொன்னது அவள்.

தர்மன் வீட்டில் இறங்கியதும், "மொதல்ல சரிவு" என்றாள். நாளைக்கு என்றேன். தர்மன் என்னைப் பார்க்காமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டான். இரண்டு பேருமாக அவளை நாற்காலியில் வைத்துத் தேயிலைக்கு நடுவே தூக்கிப் போனோம். கனமே இல்லை. கொழுந்துக் கூடை இதைவிடக் கனக்கும்.

பாறை ஓரத்தில் இறக்கினோம். அங்கே குழிதான் இருந்தது. சிவப்பு மண் திறந்து, ஓரமெல்லாம் சரிந்து கிடந்தது. ஒரு புதரும் இல்லை. அந்தச் சரிவை நான் அவ்வளவு மொட்டையாக, முன்பு நடவுக்கு வெட்டின நாளில்கூடப் பார்த்ததில்லை.

அவள் விரலை நீட்டி எண்ணினாள். எண்ணுவது உதட்டில் தெரிந்தது. முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏழா?" என்றாள். "நான் நாலுன்னுல்ல நெனச்சேன்."

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எப்பத் தெரியும்?"

"மொத மாத்துனீங்களே, அன்னைக்கே. பழையதுல அடித்தண்டுல என் கத்தி பட்ட வடு இருக்கும். சின்னப்புள்ளயில வெட்டுனது. நீங்க கொண்டாந்து வெச்சதுல இல்ல."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல? செத்துப்போச்சுன்னு சொல்லி, நீ கேட்ட மாதிரி..."

"சொல்லியிருக்கலாம்." கொஞ்ச நேரம் மூச்சை வாங்கிக்கொண்டாள். "சாக்க மறைச்சுக்கிட்டு, நகத்துல மண்ணோட ஓடி வந்து நிப்பீங்க. இந்த மனுசன் இதையும் விட்டுட்டா என்ன பண்ணுவாருன்னு தோணும். சரி, இன்னும் ஒரு வெள்ளிக்கிழம போயிட்டு வருவோம்னு வருவேன்." மறுபடியும் குழிகளைப் பார்த்தாள். "ஆனா இங்க இவ்வளவு தோண்டியிருப்பீங்கன்னு நெனைக்கல, சார்."

அவள் கோபத்தில் சொன்னாளா என்று தெரியவில்லை. குரலில் கோபம் இல்லை. அவள் எனக்காக உடம்பைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள், நான் அவளுக்காக என்று நினைத்து அவளுடைய இடத்தைக் காலி செய்துகொண்டிருந்திருக்கிறேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மே 20
மழை: இல்லை. எடை: பார்க்கவில்லை.

தண்ணீர் கேட்டாள். செம்பை எடுத்தேன், கோடு கண்ணில் பட்டது. தர்மனின் பெரிய சொம்பில் ஊற்றுத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டு, "இன்னும் குடிக்கலாமா?" என்று கேட்டாள். அப்படி ஒரு கேள்வி கேட்க வைத்திருக்கிறேன்.

"எவ்வளவு வேணும்னாலும் குடி" என்றேன்.

மே 22
மழை: தூறல். மழைமானி கீழே மேட்டுப்பாளையத்தில் இருக்கிறது.

தர்மன் நேற்று மூன்று மைல் நடந்து, எங்கோ வேறு மலையில் இருந்து கால் டம்ளர் தவிட்டுப்பழம் கொண்டுவந்தான். முன்னாடியே பழுக்க ஆரம்பித்த புதர் ஒன்றிரண்டு அங்கே இருந்திருக்கிறது. முழுக்கப் பழுக்காதது, பாதி சிவப்பு. மூன்று பழம் தின்றாள். மீதியை என் வாயில் வைத்தாள். அப்புறம், "நாக்க நீட்டுங்க" என்றாள்.

நீட்டினேன்.

"வேல நேரத்துல காட்டுக்குள்ள போயிருக்கீங்க" என்றாள். தர்மன் வெளியே எழுந்து போய்விட்டான்.

மே 25
மழை: இல்லை.

அதிகமும் தூங்குகிறாள். பேச்சு குழறுகிறது. தெளிவாக இருந்த கொஞ்ச நேரத்தில் தொட்டிச் செடியைக் கேட்டாள். ஆறு இலை இருக்கிறது என்றேன்.

"குழியில வெச்சிருங்க."

"வேரே இல்ல, தெய்வானை. பிழைக்காது."

"பொழைக்காதுதான்." கண்ணை மூடிக்கொண்டாள். "ஒண்ணும் போடாதீங்க. சும்மா விடுங்க. அது எடத்துல இருக்கட்டும்."

மே 28
காலை ஐந்தே காலுக்குத் தெய்வானை போய்விட்டாள். கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

ஜூன் 8
மழை: இல்லை.

பருவமழை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. பெய்யும்போது ஏழு குழியிலும் தண்ணீர் நின்று சரிவையே அறுத்துக்கொண்டு போகும் என்று தர்மன் சொன்னான். பத்தாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு போனேன். ஆறு குழியை மூடினேன். கை கொப்பளித்துவிட்டது. முப்பத்து நான்கு வருஷம் மண்வெட்டி பிடித்தவர்களை மேற்பார்வை பார்த்திருக்கிறேன், பிடித்ததில்லை.

ஏழாவது குழி, அவள் சாய்ந்து உட்காரும் பாறைக்குப் பக்கத்தில் உள்ளது. அதில் செடியை வைத்து, தோண்டின மண்ணையே தள்ளி மூடினேன். மூன்று இலை மிச்சம். நுனி சுருண்டிருக்கிறது. முந்தானையில் முடிந்திருந்த இதழைக் குழியில் போடலாமா என்று யோசித்தேன். போடவில்லை. ஒண்ணும் போடாதீங்க என்றாள்.

மதியம் தர்மன் சோறு கொண்டுவந்தான். செடியைப் பார்த்தான். "மாமா, காயுது. பக்கத்துலதான ஊத்து. ஒரு கொடம் ஊத்தட்டுமா?"

எழுந்தேவிட்டேன். குடத்தை வாங்கக் கை நீண்டது.

"வேணாம். விடு" என்று உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலத்துக்குள் ஓர் இலை விழுந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடியில் வெள்ளை அப்படியே இருந்தது. இருட்டும் வரை பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.